ஹெல்டர்மொண்ட் ஊரவர் ஒன்றியம்

கிளிபோட் அங்கிள் மன்னாரில் பிறந்தவர். ரொறன்ரோவின் மல்வேர்னில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். ஊர் எது என்று கேட்டால் ஹெல்டர்மொண்ட் என்பார். அது நெதர்லாந்தில் ஒரு சின்ன நகரம். அகதியாகப் போய், அங்கே ஒரு காளான் பண்ணையில் ஆறு வருடம் வேலை செய்தார். வதிவிட உரிமை கேட்டு மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் மறுத்துவிட்டார்கள்.

ரொறன்ரோவில் எந்த ஊருக்கும் ஓர் ஒன்றியம் இருக்கும். கோடையில் ஒன்றுகூடல், ஆண்டுக்கொரு மலர். அங்கிள் ஹெல்டர்மொண்டுக்கும் ஒன்று தொடங்கித் தலைவரானார். அங்கிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. யாப்பை, அதாவது விதிக்கோவையை, இன்னோர் ஊர் ஒன்றியத்திடம் வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினார். அதன் ஐந்தாம் விதிப்படி, தலைவர் ஊரில் பிறந்தவராகவோ ஊரவராக ஏற்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும்.

மூன்று வருடம் அதை யாரும் வாசிக்கவில்லை. இந்த வருடம் ஒன்றியத்து உறுப்பினர் ஜோசப்பின் அன்ரி வாசித்தார். அவரிடம் நெதர்லாந்துக் கடவுச்சீட்டு இருந்தது.

"அண்ணை, உங்களை ஆர் ஏற்றவை?"

மலருக்கு ஊர் வரலாறு எழுதும் வேலை என்னிடம் வந்திருந்தது. நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பட்டம் மத்தியகால வரலாற்றில், வேலை மருந்துக் கடையில். நகரத்தின் 1346ஆம் ஆண்டு லத்தீன் சாசனத்தில் ஒரு வரி இருந்தது: மதிலுக்குள் ஒரு வருடமும் ஒரு நாளும் வாழ்ந்தவர், எந்தப் பிரபுவும் தன் பண்ணையாள் என்று உரிமை கோராவிட்டால், ஊரவர். அங்கிளிடம் சொன்னேன். அவருக்கு உதவத்தான் சொன்னேனா, என் பட்டத்துக்கு ஒரு பயன் கிடைத்ததென்றா என்று இன்னும் தெரியவில்லை.

தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் கூட்டம். அந்த வரியை வாசித்தேன்.

"உது இப்பவும் சட்டமோ?" ஜோசப்பின் அன்ரி கேட்டார்.

அந்த அறையில் லத்தீன் தெரிந்தவள் நான் மட்டும். அங்கிள் என்னையே பார்த்தார்.

"இல்லை அன்ரி. இருநூறு வருஷத்துக்கு முதல் எடுத்துப்போட்டினம்."

"நானூற்றைம்பது வருஷம் இருந்ததுதானே," என்றார் அங்கிள். "எங்கட யாப்புக்கு மூண்டு வயசு."

அன்ரி யோசித்தார். "மிச்சத்தையும் வாசியும் பிள்ளை."

"ஏற்கப்படுபவர், தீயணைக்க ஒரு தோல் வாளியை நகரத்துக்குக் கொடுக்க வேண்டும்."

"வாளி குடுத்தனீங்களோ?"

"ஆரும் கேக்கேல்லை."

"இப்ப நாங்கள் கேக்கிறம்."

அடுத்த ஞாயிறு அங்கிள் கோட் போட்டு, ஒரு சிவப்பு வாளியோடு வந்தார். பிளாஸ்டிக். தோல் வாளி தேடி ஸ்காபரோவில் ஆறு கடை ஏறியதாகச் சொன்னார். ஜோசப்பின் அன்ரி அதை வாங்கிச் சமையலறைக் குழாயில் நிரப்பி, மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"ஒழுகேல்லை," என்று, அங்கிளை ஊரவராக ஏற்க முதலாவதாகக் கையை உயர்த்தினார்.