தொண்ணூற்று நான்காம் நிறுத்தம்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வாடகை ஆட்டோ ஓட்டினேன், பிறகு சொந்த ஆட்டோ, பிறகு ஒரு பழைய வேன், இன்று பெருங்களத்தூரில் சொந்த ஷெட், இருபத்தாறு பள்ளி வேன்கள். உன்னால் முடியுமா என்று மச்சான் சிரித்தான், ஷெட் போட்ட வருஷமே வெள்ளம் வந்து ஏழு வண்டியைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது, எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்தேன். அதோடு விட்டேனா, அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டரில் SQL கற்றுக்கொண்டேன், அட்டவணையில் இருப்பதைக் கேட்கவும் மாற்றவும் எழுதுகிற மொழி. இதையே நீங்கள் நம்ப மாட்டீர்கள், இனி சொல்லப்போவதை எங்கே நம்பப் போகிறீர்கள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தது ரேவதி, வண்டலூர்ப் பெண். பிள்ளைகளுக்கு ஒரு அட்டவணை, அவர்கள் இறங்கும் நிறுத்தங்களுக்கு ஒரு அட்டவணை. பிள்ளையின் பெயருக்கு எதிரே நிறுத்தத்தின் எண் மட்டும் இருக்கும், அந்த எண்தான் இரண்டு அட்டவணையையும் கட்டி வைக்கிறது. டிரைவரின் போனில் தெரிவதும் அதுதான். SELECT போட்டால் பார்க்கலாம், ஒன்றும் கெடாது. UPDATE போட்டால் மாற்றிவிடும். யாருக்கு மாற்றுவது என்பதைக் கடைசி வரியில் WHERE போட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எல்லோருக்கும் மாற்றிவிடும். இவ்வளவுதான் விஷயம், படித்தவர்கள் இதற்கு நாலு வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை, மதியம் இரண்டே முக்கால். ஒரு அம்மா போன் செய்து, தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது, பையனை மாடம்பாக்கம் கோயில் பக்கம் தங்கை வீட்டில் இறக்குங்கள் என்றார். மாடம்பாக்கம் கோயில் முப்பத்தேழாம் நிறுத்தம். UPDATE எழுதி 37 போட்டேன், கீழே WHERE போட்டு அந்தப் பையனின் எண்ணையும் சரியாகவே எழுதினேன். ஆனால் ஆங்கில எழுத்தை நான் விரல் வைத்துத்தான் படிப்பேன், கம்ப்யூட்டரில் விரலுக்குப் பதில் மவுஸை இழுத்துக்கொண்டே படிப்பேன். இழுத்த இடம் நீலமாகும். நீலமான பகுதி மட்டும்தான் ஓடும் சார் என்று ரேவதி பத்து தடவை சொல்லியிருக்கிறாள். மேல் வரியைப் படித்து முடித்திருந்தேன், அது மட்டும் நீலமாக நின்றது, இன்னொரு போன் வந்தது, பேசிக்கொண்டே ஓட்டும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

411 வரிகள் மாறின என்று வந்தது. அப்போது எங்களிடம் இருந்ததே 411 பிள்ளைகள்.

உடனே SELECT போட்டேன். மேலிருந்து கீழ்வரை 37, 37, 37. அடியில் ஒரே ஒரு வரியில் மட்டும் 94. தேன்மொழி என்று பெயர், பன்னிரண்டாம் நம்பர் வண்டி. மொத்தம் 412 வரிகள். ரேவதிக்குப் போன் போட்டேன்.

"ஐயோ சார், WHERE போடலையா?"

"போட்டேம்மா, அது ஓடல."

"நேத்து எடுத்த பேக்கப்பைத்தான் ஏத்தணும். முக்கால் மணி நேரம் ஆகும் சார்."

"ஒண்ணு மட்டும் மாறாம நிக்குதும்மா. தேன்மொழி, தொண்ணூத்தி நாலு."

"சான்ஸே இல்ல சார். WHERE இல்லாம ஓடினா ஒரு வரியக்கூட விடாது. நம்மகிட்ட இருக்கறதே அறுபத்தொரு ஸ்டாப், இல்லாத ஸ்டாப் நம்பர உள்ளயே சேக்காது."

மறுபடி SELECT போட்டேன். 411 வரிகள். தேன்மொழி இல்லை.

அதைப் பற்றி யோசிக்க நேரம் ஏது, மூன்றேகாலுக்கு வண்டிகள் கிளம்பும். ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டு, போனைப் பார்க்காதே, தினமும் விடுகிற இடத்தில் விடு என்று கத்தினேன், போன் செய்த அம்மாவின் பையனை மட்டும் மாடம்பாக்கத்தில் விடச் சொன்னேன். இருபத்தைந்து பேர் எடுத்தார்கள். எடுக்காதவன் சேகர், வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாள், பன்னிரண்டாம் நம்பர் வண்டி. எல்லாம் எல்.கே.ஜி. வாண்டுகள், பதின்மூன்று பேர், வீடு எங்கே என்றால் அம்மா இருக்கிற இடம் என்று சொல்கிற வயது. மழையால் ஆயாவும் வரவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு மாடம்பாக்கம் கோயில் வாசலில் போய் நின்றேன். மூன்றே முக்கால், நாலு, நாலரை. வண்டி வரவில்லை. பிள்ளைகள் அங்கே நனைந்துகொண்டு நின்றிருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும். போன் அடித்தால் எந்தத் தாயோ என்று எடுக்கவே பயந்தேன். கடைசியில் ஷெட்டு நம்பர் வந்தது, சேகர்.

"ஓனரே, எங்க கீறீங்க? எல்லாரையும் வூட்ல வுட்டாச்சு. என் போன் தண்ணில பூட்ச்சு."

"எந்த வூட்லடா?"

"அவங்கவங்க வூட்லதான். போன் பூடறதுக்கு மின்னாடி லிஸ்ட்ட பாத்தா எல்லாம் மாடம்பாக்கம்னு கீது, இன்னாடா வண்டியே கோயிலுக்குப் போவுதான்னு அந்தப் பக்கமே திருப்பிட்டேன். கடைசி சீட்டு பாப்பாதான், அங்கிள் அங்க போவாதீங்கன்னு ஒவ்வொரு வூடா காட்டிக்கினே வந்துச்சு. பதினாலு பேரு."

"பதிமூணுடா."

"நான்தானே எண்ணி ஏத்துனேன் ஓனரே. உன் ஸ்டாப் எதும்மான்னு கேட்டேன், எனக்கு மட்டும் மாறல அங்கிள்னுச்சு. அப்புறம் திரும்பிப் பாத்தா சீட்டு காலி. எங்க எறங்குச்சுன்னே தெர்ல."

மாறாத வரியைப் பற்றி ரேவதியைத் தவிர நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நம்பினால் நம்புங்கள். தேன்மொழி என்று ஒரு பிள்ளை எங்கள் வண்டியில் என்றைக்குமே வந்ததில்லை, பழைய நோட்டுகளையும் புரட்டிவிட்டேன்.

இப்போது அதே இருபத்தாறு வண்டியிலேயே பிள்ளைகள் பெருகி நிறுத்தங்கள் தொண்ணூற்று மூன்று ஆகிவிட்டன. புது அப்பார்ட்மெண்ட்காரர்கள் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எங்கள் வாசலில் நிறுத்தம் போடுங்கள் என்று தினமும் கேட்கிறார்கள். போட்டால் அது தொண்ணூற்று நாலு, தேன்மொழியின் நிறுத்தம். அதை விட்டுட்டு ஒரு நம்பர் தள்ளிப் போடலாம் சார் என்கிறாள் ரேவதி. இடம் விட்டு வைத்தால் மட்டும் யாருக்காக விடுகிறோம்? எந்தப் போட்டிக்காரனுக்கும் பயப்படாத நான் அந்த ஒரு வரியைச் சேர்க்கவிடாமல் ஐந்து மாதமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சேகரைப் புகழ்ந்தார்கள், ரேவதியின் பேக்கப்பைப் புகழ்ந்தார்கள். கடைசி சீட்டுப் பாப்பாவுக்கு உண்டான புகழை நான் கேட்கவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் இருபத்தைந்து வண்டியைத் தொண்டையாலேயே திருப்பியவன் நான், மழையில் நின்றவன் நான். தப்பும் என்னுடையதுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதை யாரிடம் சொன்னாலும் என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.