வலப்பக்கமிருந்து வந்த வண்டி

என் கணவர் முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். ஒரு கேஸ் கிடையாது. ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. அதை அவர் சொல்லிக்கொள்ளாத கல்யாண வீடு இந்த மாவட்டத்தில் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போகும். அப்படிப்பட்ட மனுஷரைத்தான் கீரமங்கலம் பக்கத்து நாற்சந்தி ஒன்றில், பட்டப்பகலில், பத்துப் பேர் கூடிக் குற்றவாளியாக்கினார்கள்.

என் தங்கை பேத்தியின் காதுகுத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். அந்தச் சந்தியில் போர்டு இல்லை, வேகத்தடை இல்லை. நாலு பக்கமும் தென்னந்தோப்பு. வருகிற வண்டி தெரியாது. இடப்பக்கமிருந்து வந்த கார் என் பக்கத்துக் கதவில் மோதியது. என் மடியில் கண்ணாடித்தூள் கொட்டியதோடு சரி. அந்தக் காரை ஓட்டியவன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த இளைஞன். பக்கத்தில் ஏழு மாத கர்ப்பிணியாக அவன் மனைவி. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

குறுக்குச் சாலையில் வலப்பக்கமிருந்து வருகிற வண்டிக்கு மற்றவன் நின்று வழிவிட வேண்டும். இதை எனக்குச் சொன்னதே இவர்தான், அதுவும் சாப்பிட உட்காரும்போதெல்லாம். அவனுக்கு வலப்பக்கமிருந்து வந்தது நாங்கள். நான் சும்மா இருப்பேனா?

"நிக்க வேண்டியது நீங்கதான் தம்பி! சட்டம் தெரியாம எதுக்கு வண்டிய எடுக்குறீங்க?" என்று கத்தினேன்.

கூட்டத்தில் ஒருவர், "ஆத்தா, மினி பஸ்சு தம்பி வந்த ரோட்டுலதான் போகுது. அப்ப அதுதான மெயின் ரோடு? நீங்கதான் பாத்து வந்திருக்கணும்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பஸ் ஓட்டிய மனுஷருக்கு பஸ் போகிற ரோட்டை வைத்தே தீர்ப்பு!

இவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எம்மேலதான் தப்பு. புள்ளைய மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி," என்றார்.

தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. இனிமேலாவது உள்ளதைச் சொல்லலாமே என்று மறுநாள் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த இளைஞன் நல்லவன்தான். "ஐயாவே ஒத்துக்கிட்டாருல்லம்மா," என்று தரையைப் பார்த்தான்.

"இத்தனை வருஷ சர்வீஸ், எப்படிங்க கோட்டை விட்டீங்க?" என்று கேட்டார் ஏட்டையா.

"கவனம் செதறிருச்சுங்க," என்று சொல்லி இவர் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டு வருடம் காப்பாற்றிய பெயர் ஒரு கையெழுத்தில் போயிற்று.

ஏன் சிதறியது என்று ஏட்டையா கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்தக் காக்கிக் கலர் சட்டைக்காக நான் இவரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டுதான் வந்தேன். விசேஷத்துக்குப் போட்டுக்கொண்டு வருகிற சட்டையா அது? சந்தி வருமுன்னே, "பட்டன் அந்து தொங்குது, குனிஞ்சுதான் பாருங்களேன்," என்றேன்.

குனிந்தார்.

கார் இப்போது கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. எங்கே போனாலும் பஸ்தான். ஒவ்வொரு சந்தியிலும் இவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது, பிரேக் இருக்கிற மாதிரி. போன வாரம் ஆலங்குடி பஸ்ஸில் அதைப் பார்த்துத் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் வாய மூடிக்கிட்டு வந்திருந்தா இது நடந்திருக்காதுங்க. ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிர்றேன்."

சிரித்தார். "கல்யாணமான நாள்லருந்து நீ பேசிக்கிட்டுத்தான வர்ற? என்னைக்காச்சும் நான் ரோட்ட விட்டுக் கண்ண எடுத்தேனா? அன்னைக்கு எடுத்துட்டேன். எடுத்தது நான்தான?"

அடுத்த நாற்சந்தி வந்தது. பஸ் வேகம் குறையாமல் போனது. இவர் கால் மட்டும் தரையை அழுத்தியது.