மாமியின் குரலுக்கு நான் சொன்ன சாட்சி

மாமியின் குரலை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது பேராதனையில், ஓர் ஆஸ்பத்திரி அறையின் திரையில். காது மூக்கு தொண்டை டொக்டர், மூக்கு வழியாக மெல்லிய கமரா ஒன்றை உள்ளே இறக்கியிருந்தார். ஈரமான சிவப்புக் குகைக்குள் இரண்டு வெள்ளை மடிப்புகள் தெரிந்தன. அவைதான் குரல்நாண்கள் என்றார். பேசும்போது இரண்டும் நடுவில் வந்து சேர வேண்டுமாம். ஒரு பெண் பேசுகையில் நொடிக்கு இருநூறு தடவை அளவில் அவை மோதி அதிருமாம். அதைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். மாமி “ஈ” என்று இழுத்தார். வலது நாண் விரைந்து நடுவுக்கு வந்தது. இடது நாண் ஓரத்திலேயே கிடந்தது. வந்த நாண் துணைக்கு ஆளில்லாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. அந்த இடைவெளியால் காற்று முழுவதும் வெளியேற, அறையில் கேட்டது டயரில் காற்று இறங்குகிற சத்தம் மாத்திரமே.

மாமி என் கணவரின் தாயார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், கண்டி நீதிமன்றத்தில் தமிழ், சிங்கள மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டில் ஏறும் தேயிலைத் தோட்டத்து மனிதர்களுக்கு நீதவான் பேசுவது இவருடைய குரலில்தான் கேட்கும். அவர்கள் அழுது சொல்வதும் இவருடைய குரலில்தான் நீதவானுக்குப் போய்ச் சேரும். அந்தக் குரலில் கோபமும் இருக்காது, இரக்கமும் இருக்காது. கடைசி வாங்கில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும். இதெல்லாம் பிறர் சொல்லி நான் அறிந்தது. எனக்குத் தெரிந்தது வீட்டுக் குரல். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து மாமி கூப்பிட்டால், ஒழுங்கை முனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் மலையகத்துத் தோட்டப் பக்கம், புசல்லாவைக்காரி. நான் அரிசி கழுவுவது, துணி காயப்போடுவது, பேசுவது எதுவும் மாமிக்குப் பிடித்ததில்லை. பாடசாலையில் நாற்பது பிள்ளைகளை அடக்கும் கணித ஆசிரியை, வீட்டு வாசலில் கால் வைத்ததும் பெட்டிப்பாம்பாகிவிடுவேன்.

போன வருடம் மாமியின் கழுத்தில் தைரொயிட் கட்டி ஒன்று கண்டுபிடித்தார்கள். நல்ல கட்டி இல்லை. அது இடது குரல்நாணுக்குப் போகும் நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. உயிரா நரம்பா என்று வந்தபோது உயிரைக் காப்பாற்றினார்கள், அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. கட்டி போனது, குரலும் கூடப் போனது. தேநீர் குடித்தால் புரையேறியது. இரண்டு வசனம் பேசினால் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மாமி யாழ்ப்பாணம் போயிட்டாவா? சத்தமே இல்லாம வீடு மௌத்து வீடு மாதிரி இருக்கே” என்று கேட்டார். மாமி உள்ளே கதிரையில்தான் இருந்தார். சொதியில் உப்புக் கூடினாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைத் திட்டுவதற்குக்கூட ஆளில்லாத வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

நீதிமன்றத்தில் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்கள். பின்னறையில் மேசை போட்டுத் தருகிறோம், ஆவணங்களை மொழிபெயர்த்துக்கொண்டு இருங்கள் என்றார்கள். மாமி என் காதருகே வந்து காற்றாகச் சொன்னார்: “கூண்டில நிக்கிற சனத்துக்கு ஆர் பிள்ளை கதைக்கிறது?” அதற்குப் பிறகுதான் பேராதனைக்குப் போனோம்.

டொக்டர் சிங்களவர், ஓரளவு தமிழ் தெரிந்தவர், சளைக்காமல் படிக்கிறவர். செயலிழந்த நாணை அசைய வைக்க முடியாது, ஆனால் அதை நடுவுக்குத் தள்ளி வைக்கலாம் என்றார். குரல்வளைக் குருத்தெலும்பில் சின்ன யன்னல் ஒன்று வெட்டி, பூசணி விதையளவு சிலிக்கோன் துண்டை உள்ளே செருகிவிட்டால், ஓடி வருகிற நாண் மோதுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிடும். இப்போது சில நாடுகளில் கழுத்தில் வேறு வேலை பார்க்கும் ஒரு நரம்பின் கிளையை எடுத்து, அறுபட்ட நரம்போடு இணைத்தும் பார்க்கிறார்களாம். அது மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்து, வாடிய தசைக்கு மறுபடி தெம்பு கொடுக்குமாம். ஒரு நரம்பு இன்னொரு நரம்பின் வேலையைப் படித்துக்கொள்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் மாமியின் வயதுக்குச் சிலிக்கோன்தான் பொருத்தம் என்று டொக்டர் முடிவு செய்தார்.

அடுத்ததாக அவர் சொன்னதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. சத்திரசிகிச்சையின்போது மாமி விழித்திருக்க வேண்டும். கழுத்தை மட்டும் மரக்கப்பண்ணிவிட்டு, துண்டைச் சீவிச் சீவிப் பொருத்தி, பேச வைத்துக் கேட்பார்கள். கொஞ்சம் குறைந்தால் காற்று ஒழுகும், கொஞ்சம் கூடினால் மூச்சு முட்டும். கருவிகள் எவ்வளவோ அளக்கின்றன, ஆராய்ச்சிகளும் வந்துகொண்டே இருக்கின்றன, ஆனாலும் தியேட்டரில் கடைசி முடிவு காதால்தான் என்றார். “நான் இவங்கட பழைய குரலைக் கேட்டதில்ல. இவங்களுக்கும் தெரியாது, நம்ம குரல் நமக்கு உள்ளுக்கிருந்து வேற மாதிரிக் கேட்கும். போன்ல பதிஞ்சிருக்கிறது பாதிக் குரல். பழைய குரல் நல்லாத் தெரிஞ்ச ஒராள் உள்ளுக்கு வரணும்.” என் கணவரைப் பார்த்தோம். மீன் வெட்டும்போதே முற்றத்துக்குப் போய்விடுகிறவர் அவர். மாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்தது என்று சொல்லமாட்டேன். வேறு வழியில்லை என்பது இருந்தது.

பச்சை அங்கி, தொப்பி எல்லாம் மாட்டி, மாமியின் தலைமாட்டில் என்னை இருத்தினார்கள். கழுத்துப் பக்கம் தெரியாதபடி துணித்திரை. மாமியில் எனக்குத் தெரிந்தது நெற்றியும், என் கையைப் பிடித்திருந்த கையும்தான். அதுவரை அந்தக் கையை நான் பிடித்ததே இல்லை. திரைக்கு அப்பால் குருத்தெலும்பைத் துருவுகிற சத்தம் கேட்டு நின்றது. டொக்டர் ஏதோ சீவுவதும் தாதியிடம் அளவு சொல்வதும் கேட்டது. பிறகு, ஒன்று முதல் எண்ணச் சொன்னார்.

“ஒண்டு, ரெண்டு, மூண்டு…”

குரல்! மாதக்கணக்கில் காற்றாக இருந்த இடத்திலிருந்து முழுக்குரல் எழுந்து வந்தது. தாதிமார் மாஸ்க்குக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. வெட்டித் திறந்திருக்கும் தொண்டையால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், அதைப் பக்கத்திலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கும்பிடத் தோன்றியது, ஒரு கை மாமியிடம் இருந்தது. டொக்டர் கேட்டார்: “ஹொந்தாய் நேத? நல்லம்தானே?”

நல்லம்தான். இனிமையாகக்கூட இருந்தது. அங்கேதான் எனக்கு இடித்தது. என் மாமியின் குரல் எந்தக் காலத்தில் இனிமையாக இருந்தது? இது கோயிலில் சந்தனம் கொடுக்கும் யாரோ ஒரு அம்மாவின் குரல். இதை வைத்துக்கொண்டு கடைசி வாங்குக்குக் கேட்கப் பேச முடியாது. ஆனால் டொக்டர் முன்பே எச்சரித்திருந்தார்: நேரம் போகப் போகத் தொண்டை வீங்கும், வீங்கினால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது, துண்டு தடித்தால் மூச்சுக்கும் ஆபத்து. நான் தலையாட்டினால் எல்லாம் நல்லபடி முடியும். மாட்டேன் என்றால், ஏதாவது நடந்தால், அந்தப் பழி என் தலையில்தான்.

“இல்லீங்க டொக்டர்” என்றேன். “இது அவங்க இல்லீங்க.”

டொக்டர் கோபிக்கவில்லை. மூக்கு வழியாக விட்டிருந்த கமராவின் திரையை உற்றுப் பார்த்தார், மூச்சை இழுத்துவிடச் சொன்னார், இன்னும் ஓர் இழை தள்ளலாம் என்று துண்டை மாற்றினார். மறுபடி எண்ணச் சொன்னார். மாமி கவனமாக, நீதிமன்றத் தமிழில் எண்ணினார். அதில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. டொக்டர், “சத்தமாப் பேச வைங்க, எண்ணுறதில தெரியாது” என்றார். நான் எதைப் பேசுவது? மாமியும் நானும் சேர்ந்திருந்து கதை பேசிய நாள் ஒன்றும் இல்லையே. அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. குனிந்து, பயந்த குரலில் சொன்னேன்:

“மாமி, காலையில சொதிக்குப் பால ஊத்திட்டு, மூடிபோட்டுக் கொதிக்க விட்டுட்டு வந்துட்டேங்க.”

“என்ன? பால் விட்ட சொதியை ஆரும் மூடுவினமோ? திரைஞ்செல்லோ போகும்! எத்தினை தரம் சொன்னனான் உனக்கு!”

ஓடுகள் பதித்த அந்தச் சுவரெல்லாம் அதிர்ந்தது. வாசலில் நின்ற பணியாளர் எட்டிப் பார்த்தார். வீட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் என்னைத் துரத்திய அதே குரல், அந்தக் கரகரப்பு, கடைசிச் சொல்லில் ஏறும் அந்த ஏற்றம், எல்லாம் ஒரு விதையளவு சிலிக்கோனின் மேல் மோதி எழுந்து வந்துவிட்டன. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மாமியாரின் வாய் உயர வேண்டுமென்று கேட்டு வாங்கிய மருமகள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டொக்டர் சிரித்து முடித்து, தைப்பதற்கு முன் கடைசியாக மாமியிடம் சிங்களத்தில் கேட்டார், இது உங்கள் குரல்தானா, திருப்தியா என்று. வாழ்நாளெல்லாம் பிறருடைய பதிலைச் சொல்லிப் பழகிய மாமி, தன்னுடைய பதிலுக்கு என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு தமிழில் சொன்னார்:

“என்னைக் கேக்காதேங்கோ டொக்டர். அவளைக் கேளுங்கோ. அவளுக்குத்தான் தெரியும்.”

இப்போது மாமி மறுபடி வேலைக்குப் போகிறார். மழை நாட்களில் குரல் லேசாகக் கம்மும், பாட்டு வராது, மற்றபடி குறையில்லை. குசினியில் எனக்கு ஏச்சு விழுவதும் குறையவில்லை. ஆனால் காலையில் சேலை உடுத்தி, கைப்பையோடு வாசல் படலையடிக்குப் போனதும் ஒரு தடவை நிற்பார். திரும்பிப் பார்க்கமாட்டார். நீதிமன்றத்தில் சாட்சியைக் கூப்பிடுவதுபோல என் பெயரை உரக்கக் கூப்பிடுவார். நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு முழுக்கவனமாகக் கேட்பேன்.

“சரியா இருக்குங்க, மாமி” என்பேன். நான் சொன்ன பிறகுதான் பஸ்ஸுக்கு நடப்பார்.