அலமாரிக்குள் ஒரு கணக்கு வாத்தியார்

எங்கள் மாப்பிள்ளை பேசினால் எறும்புக்குக்கூடக் காது வலிக்காது. என் சின்ன மகளைப் பெண் கேட்டு வந்த அன்று, நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. மரியாதைக்கு எல்லோரும் தலையாட்டி வைத்தோம். சம்மதம்தான் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டு கல்யாணத்தையும் முடித்துவிட்டோம். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. கத்தாத புருஷன் கிடைப்பது லேசா?

ஆனால் கடவுள் அவரைக் கொண்டுபோய் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கணக்கு வாத்தியாராக நிறுத்தினாரே, அதுதான் வம்பு. முதல் இரண்டு பெஞ்சுக்குக் கணக்கு கேட்கும். மூன்றாவது பெஞ்சுக்கு உதடு அசைவது தெரியும். அதற்குப் பின்னால் ஊமைப்படம்தான். பிள்ளைகள் அவருக்கு ‘மியூட் சார்’ என்று பேர் வைத்திருந்தார்கள். என்ன பேர் அது என்று மகளிடம் கேட்டேன். டிவியில் சத்தத்தை அடைக்கிற பொத்தானாம். பொருத்தமான பேர். நானே வைத்திருக்கலாம்.

“புரிஞ்சுதா?” என்று கேட்பாராம். “புரிஞ்சுது சார்” என்று நாற்பதும் ஒரே குரலில் சொல்லுமாம். காதிலேயே விழவில்லை, புத்தியில் எங்கே விழுவது! அரையாண்டுத் தேர்வில் முக்கால்வாசி வகுப்பு கவிழ்ந்தது. தலைமையாசிரியை அம்மா அவரைக் கூப்பிட்டு, மேசைமேல் ஒரு சாவியை வைத்தாராம். சாக்பீஸும் துடைப்பமும் நோட்டுக்கட்டும் அடைந்துகிடக்கிற ஸ்டோர் ரூம் சாவி.

“ரெண்டு மாசம் பாக்கறேன் சார். அப்புறம் நானே வந்து கடைசி பெஞ்சுல உக்காருவேன். பிள்ளைங்களுக்குப் புரியலைன்னா, இந்தச் சாவி உங்களுக்கு. துடைப்பத்துக்கிட்ட யாரும் சத்தமா பேச வேண்டியதில்லை.”

அன்று வீட்டுக்கு வந்த மனிதர் சாப்பிடவில்லை. அவருக்குக் கணக்கு என்றால் உயிர். காய் நறுக்கச் சொன்னாலும் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும். அவரைத் துடைப்பத்தோடு அடைத்தால் ஆள் உடைந்துபோவார் என்று எனக்கே தெரியும்.

என் மகள்தான் வழி சொன்னாள். “என்னங்க, உங்க குரல்தானே சின்னது? போன்ல சத்தத்தைக் கூட்டிக்கலாம்ல? பாடத்தைப் பதிஞ்சு அனுப்புங்க.”

“பிள்ளைங்க கண்ணு என்னத்துக்கு ஆகறது?” என்றேன் நான். “வாத்தியாரைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத் திரியணுமா?”

மாப்பிள்ளை ஏதோ பதில் சொன்னார். கேட்கவில்லை.

பதிவதற்கு இடம் வேண்டுமே. மகள் வீட்டிலேயே துணி தைக்கிறவள், தையல் மிஷின் நாள் முழுக்கக் கடகடவென்று ஓடும். மாடிவீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டே இருப்பார். இன்னும் எந்தச் சுவர் மிச்சம் இருக்கிறதோ தெரியாது. ஒரு சனிக்கிழமை, குளித்துவிட்டுத் துண்டு எடுக்கத் துணி அலமாரியைத் திறந்தேன். உள்ளே சேலைகளுக்கு நடுவில் மாப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையில் கட்டின டார்ச். மடியில் நோட்டு. துணி மாட்டுகிற கொக்கியில் ரப்பர் பேண்டு போட்டுப் போனைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்.

“ஐயோ!” என்று நான் அலறினேன்.

“கதவைச் சாத்துங்க அத்தை, பின்னம் ஓடிக்கிட்டிருக்கு” என்றார்.

பின்னத்தைக் காட்ட அவர் எடுத்துக்கொண்டது என் கட்டம் போட்ட துண்டு. அதைப் பாதியாக மடிப்பார், அப்புறம் கால், அப்புறம் எட்டில் ஒன்று. நான் தலையில் நீர் சொட்டச் சொட்டக் கட்டிலில் உட்கார்ந்து, துண்டு வெளியே வரக் காத்திருந்தேன். அலமாரிக் கதவு வழியாகப் பாடம் காதில் விழுந்தது. வெளியே கேட்காத குரல் அந்தப் பொந்துக்குள்ளிருந்து நன்றாகவே கேட்டது. ஆனால் ஒரு இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை.

“நிறுத்துங்க மாப்பிள்ளை! எட்டு பெரிசா, நாலு பெரிசா?”

“எட்டு அத்தை.”

“அப்போ எட்டுல ஒண்ணு எப்படி நாலுல ஒண்ணைவிடச் சின்னதாகும்?”

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கிற பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் கேட்டது நியாயமான கேள்வி.

“அத்தை, இந்தத் துண்டை நாலு பேருக்குக் கிழிச்சுக் கொடுத்தா உங்க பங்கு பெரிசா இருக்குமா, எட்டு பேருக்குக் கொடுத்தாலா?”

“என் துண்டை எதுக்குக் கிழிக்கணும்?”

“கிழிக்கலை அத்தை. சும்மா வச்சுக்கோங்க.”

“சும்மாகூட வச்சுக்க மாட்டேன்.”

இப்படியே கொஞ்ச நேரம் போனது. கடைசியில், “சரி, நாலு பேருன்னாத்தான் பெரிய துண்டா கிடைக்கும். போய்த் தொலையட்டும், துண்டைக் கொடுங்க” என்று ஒத்துக்கொண்டேன்.

இது அத்தனையும் போனில் பதிந்திருக்கிறது! மனிதர் வெட்டிவிட மறந்து அப்படியே வகுப்புக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை சாயங்காலம் அது தெரிந்ததும் முகம் சுண்டைக்காயாகச் சுண்டிப்போயிற்று. சாவி நிச்சயம் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குள் போன் டிங் டிங் என்று அடித்தது. பிள்ளைகள் பேசி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள்கூட, மதியம் பள்ளி டேப்லெட்டில் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார்களாம். அதில் ஒரு பெண்பிள்ளை, இரண்டு வருஷமாக வகுப்பில் வாயே திறக்காதவள்:

“சார்... பாட்டி கேட்டதுதான் எனக்கும் சந்தேகம். கேக்க வெக்கமா இருந்துச்சு. மூணு தடவை பின்னாடி போய்க் கேட்டேன் சார். போன் திட்டவே இல்லை. இப்ப புரிஞ்சுது.”

மாப்பிள்ளை அதை நாலு முறை போட்டுக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி என் துண்டிலேயே துடைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் துண்டைப் பிடுங்கவில்லை.

இரண்டு மாதம் அலமாரியில் பாடம் நடந்தது. எங்கள் சேலை எல்லாம் கசங்கினதுதான் மிச்சம் என்று மகள் சொல்வாள். சாவி நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து நான் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டேன். பாவம், மாப்பிள்ளை அது இல்லாமலே பள்ளிக்கு ஓடிவிட்டார். ஈரத்துண்டைப் பிழிந்து எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். வேறு துண்டு எடுத்துப் போகலாமே என்று மகள் சொன்னாள். வேறு துண்டைப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

வகுப்பு வாசலில் போய் நிற்கிறேன், “டேய், பாட்டி! துண்டு!” என்று ஒரே கும்மாளம். தலைமையாசிரியை அம்மா கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை துண்டை வாங்கி மடிக்க ஆரம்பித்தார். குரல் அதே பழைய குரல். அந்த அம்மா காதருகே கையைக் குவித்துக்கொண்டார்.

அப்போது எங்கிருந்தோ மேசையில் ‘டொக் டொக்’ என்று சத்தம். மாப்பிள்ளை சட்டென்று நிறுத்தி, கடைசியாகச் சொன்ன இரண்டு வரியை, நடுவில் இருமின இருமலோடு, இன்னும் கொஞ்சம் உரக்கத் திரும்பச் சொன்னார். வேறொரு மூலையில் ‘டொக் டொக்’. மறுபடியும் அதே வரி, அதே இருமல்.

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். “என்ன கொழுப்பு இது! சார் பாடம் நடத்தறப்ப மேசையில தாளம் போடறீங்களா? யாரு தட்டினது?”

அந்த வாய் திறக்காத பெண் மெல்ல எழுந்தாள்.

“தாளம் இல்லை மேடம். போன்ல இடது பக்கம் ரெண்டு தட்டு தட்டினா பத்து நொடி பின்னாடி போகும். இங்க தட்டினா சார் போவாரு.”

“புரியலைன்னா எழுந்து கேக்க வேண்டியதுதானே?”

“எழுந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க மேடம். தட்டினா யாருன்னு தெரியாது.”

அந்த அம்மா மறுபடி உட்கார்ந்தார். துண்டு எட்டு மடிப்பாகி, தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கெல்லாம் பின்வரிசையிலிருந்துகூடப் பதில் வந்தது. பிறகு எட்டில் மூன்றா, நாலில் ஒன்றா, எது பெரிது என்று ஏதோ சொல்லிக்கொண்டு போனார்.

‘டொக் டொக்.’

சத்தம் கடைசி பெஞ்சிலிருந்து. தலைமையாசிரியை அம்மா ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பத்து நொடி பின்னால் போனார். ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாவி அந்த அம்மாவின் மேசை இழுப்பறைக்கே திரும்பிப் போனது.

அன்று சாப்பிடும்போது, மாப்பிள்ளை என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் தட்டில் இரண்டு தட்டு தட்டினேன்.

“துண்டுக்கு நன்றி அத்தைன்னு சொன்னேன்.”

“இருக்கட்டும். இன்னும் பின்னாடி போங்க, பதினாறு வருஷம். பெண் கேட்டு வந்த அன்னிக்கு என்ன சொன்னீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “ஃபேனைக் கொஞ்சம் குறைங்கன்னு சொன்னேன் அத்தை. குளிருச்சு.”

மகள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. “அப்போ என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்லவே இல்லையா?”

மாப்பிள்ளை குனிந்துகொண்டே அவளிடம் என்னவோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை. மகளுக்குக் கேட்டிருக்கும், முகம் சிவந்துவிட்டதே. ஆனாலும் கரண்டியால் மேசையில் இரண்டு தட்டு தட்டினாள்.