மூன்றாவது ஸலாம்

இது கட்டிச் சொன்ன கதையில்லை மக்காள். என் கண் பார்த்தது, என் வாயாலேயே நடந்தது. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கமில்லை.

போன மாசி மாதம். கல்முனைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆதிலாவுக்கு ஆண்பிள்ளை பிறந்து மூன்று கிழமை. அவள் மாப்பிள்ளை றிஸ்கானுக்குக் கத்தாரில் ஒரு பெரிய கணினிக்கூடத்தில் வேலை. நாற்பது நாள் முடியும்வரை தாயையும் பச்சைப்பிள்ளையையும் பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் தனியே விடமாட்டோம். அன்று அவளுடைய உம்மா நற்பிட்டிமுனையில் ஒருவர் இறந்த மையித்து வீட்டுக்குப் போய்விட்டதால், துணைக்கு நான் போனேன்.

ஆதிலா லெப்டொப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"நாளைக்குக் காலையில லினக்ஸ் ஓடுறதக் காட்டாட்டி நான் கேட்ட கொம்பனி வேல எனக்கில்ல மாமி."

"அதென்ன கா, அப்பிடி ஓடாத சாமான்?"

"மெயின்பிரேம் எண்டு, ஒரு ஹோல் நிறைய நிக்கிற மெஷின். அவர் வேல செய்யிறதும் அதிலதான். அதப் போல ஒண்ட இந்த லெப்டொப்புக்குள்ள பாவனையா ஓட வச்சிருக்கன். அதுக்குள்ள லினக்ஸ் எண்ட இயக்கு மென்பொருள எழுப்பணும்."

"ஆனையப் போத்தலுக்குள்ள அடைச்ச மாதிரி."

"ஓம் மாமி. அடைச்சிட்டன். எழும்புதில்ல."

ஒரு கிழமையாக ஒரே இடத்தில் நிற்கிறதாம். எழுத்துகள் ஓடும். பிறகு, யாரோ பதில் சொல்லக் காத்திருப்பது போல நிற்கும். என்ன பதில் கொடுத்தும் அசையவில்லையாம்.

6.12க்குப் பள்ளியில் மஃரிப் பாங்கு. கதவையும் யன்னல்களையும் நானே அடைத்தேன். பாங்கு முடியவும் கரண்ட் போயிற்று. நெட் பெட்டியின் பச்சை வெளிச்சம் அணைந்தது. போனிலும் சிக்னல் இல்லை. லெப்டொப் மட்டும் பெற்றரியில் ஓடியது.

உள்ளறையில் பிள்ளை அழுதான். ஆதிலா அவனை ஏணைத் தொட்டிலிலிருந்து தூக்கிவந்து, ஹோலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தாள். தொழுகைக்கு வுளூ செய்ய எழுந்த என்னை மறித்தாள்.

"கொஞ்சம் அதப் பார்த்துக்கங்க மாமி. எழுத்து நிண்டாச் சொல்லுங்க."

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஏறின.

நின்றன.

கீழே ஒரு வரி. மருந்துப் பெட்டிகளைப் பார்த்து நானாகப் பழகிய இங்கிலிஷ் எழுத்துத்தான் எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டினேன்.

அஸ்ஸலாமு அலைக்கும்.

"உன்ட மாப்பிள்ள ஸலாம் எழுதுறார் கா."

"நெட் இல்லையே மாமி…" அவள் குரல் மெலிந்தது. "இருந்தாலும் ஏலாது. இதுக்கு வெளித் தொடர்பே நான் குடுக்கல்ல."

இரண்டாவது வரி. அதே ஸலாம்.

எங்கள் வீடுகளில் ஒரு முறை உண்டு. வருகிறவர் வாசலில் நின்று மூன்று தரம் ஸலாம் சொல்லலாம். பதில் இல்லையென்றால் திரும்பிப் போய்விட வேண்டும்.

பதில் கிடைத்தால்… உள்ளே வரலாம்.

திரையின் மூலையில் மணியைப் பார்த்தேன்.

6.18.

மூன்றாவது வரி விழுந்தது. இந்தத் தரம் வாசல் பக்கமிருந்தும் கேட்டது. தொண்டை கட்டியவர் போல, மெதுவாக…

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அறுபது வருடப் பழக்கம் மக்காள். நான் நினைக்கு முன்னே வாய் சொல்லிவிட்டது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

திரை அசைந்தது. ஒரு கிழமையாக நின்ற இடத்தைத் தாண்டி எழுத்துகள் ஓடின. கடைசிவரை ஓடின.

"எழும்பிட்டு மாமி!" ஆதிலா சிரித்தாள்.

அப்போது, உள்ளறையில்…

கிறீச்…

கிறீச்…

ஏணைக் கயிறு.

அவள் சிரிப்பு நின்றது. பிள்ளை அவள் மடியில் இருந்தான்.

"காத்தா மாமி?"

யன்னலை அடைத்தவள் நான்.

டோர்ச்சை அடித்தேன். ஏணை ஆடிக்கொண்டிருந்தது. வெறும் சீலை ஆடுவது போலில்லை. அடி தொங்கிப்போய்… கனமாக…

வெளிச்சம் பட்டதும் ஆட்டம் நின்றது.

சீலைக்குள் எதுவோ புரண்டு படுத்தது.

ஓதப் பார்த்தேன்.

பிள்ளையை அணைத்திருந்த ஆதிலாவின் கையைப் பிடித்தேன்.

கதவு…

முற்றம்…

என் வீடு.

8.40க்குக் கரண்ட் வந்தது. ஆதிலாவின் போன் அடித்தது. றிஸ்கான். சிரித்துக்கொண்டே பேசினான்.

"பின்னேரம் எங்கட மெஷினுக்க வந்து விளையாடினது நீதானே? எப்பிடிக் கா வந்த? என்ட வேலக்கி உல வச்சிராத."

"நான் ஒண்டும் எழுதல்ல."

நான் போனை வாங்கினேன். "எத்தின மணிக்கு மகன்?"

"இங்க 3.48 மாமி."

அங்கே 3.48 என்றால், இங்கே 6.18.

"என்ன எழுதிக் கிடந்த?"

அவன் வாசித்தான்.

"பதில் கிடைச்சிட்டு. உள்ள வந்திட்டன். ஏணை சும்மா கிடந்த, படுத்திட்டன்."

இப்போது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

"மாமி… கீழ இன்னொரு வரி. இப்பதான் விழுகுது."

"என்ன மகன்?"

"புள்ளைய எங்க கொண்டுபோன எண்டு கேக்குது."