நாற்பத்தோராவது ஊசி

முதலில் ஓர் இரைச்சல் கேட்டது. ஊசிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தை இறக்கிவைத்த பிறகும் அது நிற்கவில்லை. சத்தம் அடுப்பில் இல்லை, என் காதில்தான் என்று அப்போது தெரிந்தது.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தேன், ஊராருக்குக் கம்பவுண்டர். டாக்டரே வாயால் சொன்னாலும் சீட்டில்லாமல் மருந்து தரமாட்டேன். நிறம் மாறிய கரைசல், தேதி கடந்த புட்டி எதையும் வார்டுக்கு விடமாட்டேன். கண்டிப்பானவன் என்று பெயர்.

அந்த வருடம் எனக்குக் காசநோய் வந்தது. தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து, சிலருக்குச் செவி நரம்பைக் கெடுக்கும்), அறுபது நாள். இரைச்சல் தொடங்கியது நாற்பத்தோராவது ஊசியன்று.

அந்த ஊசிக்கு வரும் ஒவ்வொருவரிடமும், காதில் ஏதும் கேட்கிறதா என்று விசாரித்தவன் நான். பாதியில் நிறுத்திவிட்டு, ரத்தம் கக்கித் திரும்பி வந்தவர்களையும் பார்த்தவன். வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருந்தது. இன்னும் பத்தொன்பதுதானே என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஐம்பத்தைந்தாம் நாள், முகம் கழுவக் கண்ணை மூடியவன் அப்படியே சாய்ந்தேன் (உடலை நிலையாக நிறுத்துவதும் அதே நரம்புதான்). டாக்டர் ஊசியை நிறுத்தினார். போனது திரும்பாது, உங்களுக்கே தெரியும் என்றார்.

மனைவி ஜைனம்பு என் காதருகே வந்து கேட்டாள்: "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. ஏன் மறைச்சீக?"

அடுத்த சில வாரங்களில் மிச்சமிருந்த கேட்கும் திறனும் போனது. நுரையீரல் சுத்தமாகிவிட்டது.

உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகி, வேலைக்குத் திரும்பினேன். ஒக்கூரிலிருந்து ஒரு பெண், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெனிசிலின் சீட்டோடு வந்தாள். முன்பு இதைப் போட்டு ஏதும் ஆனதா என்று கேட்டேன். முந்தானையால் வாயை மூடியபடி என்னவோ சொன்னாள். இல்லை என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் என் கையிலிருந்து குப்பியைப் பிடுங்கினார். போன முறை பிள்ளைக்கு மூச்சே நின்றுவிடப் பார்த்ததாம், எழுதிக் காட்டினார்.

நான் இங்கே இருந்தால் ஆபத்து என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். அதன்பின் ஆட்கள் வராத சரக்கறையில் பெட்டிகளுக்கு நடுவில் வேலை.

இந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள், இரைச்சல் கேட்ட அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லியிருந்தால் என் காது பிழைத்திருக்குமா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.

இப்போது சுவரைத் தொட்டுத்தான் நடக்கிறேன். தெருவில் ஆட்கள் பள்ளிவாசல் பக்கம் திரும்புவதைப் பார்த்துத் தொழுகை நேரத்தை அறிகிறேன். அன்றைய கைக்குழந்தைக்கு ஆறு வயது. ஓயாமல் பேசுகிறாளாம். அவள் குரல் எப்படி இருக்கும் என்று ஜைனம்பிடம் கேட்டேன். சிலேட்டை எடுத்து எழுதினாள்: "உங்க உம்மா குரல் மாதிரி."

உம்மாவின் குரலை நினைத்துப் பார்த்தேன். அதுவும் வரவில்லை.