நடுச்சுவரில் ஒருத்தி

நிவேந்திரன் என்ற பெயரை மீனம்மா முதலில் கேட்டது மெர்லிமாவ் பசாரில், மீன் விலை பேசிக்கொண்டிருந்தபோது. வரன் பார்க்கும் முனியம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க அண்ணன் மக பவானேஸ்வரிக்கு நிவேந்திரன்னு ஒரு பையன் இருக்கான்க்கா. தோட்டத்துல கணக்கெழுதின கிராணி காளிமுத்து பேரன். பாச்சாங்ல சொந்த வீடு, வீடு பூரா படந்தான்."

படம் என்றால் சாமி படம் என்று மீனம்மா எடுத்துக்கொண்டாள். முப்பத்து நாலு வயதில் வீட்டிலிருக்கும் பெண்ணுக்குப் பக்திமான் கிடைத்தால் கசக்குமா? நிவேந்திரன் வந்து பெண் பார்த்தான். இருவருக்கும் பிடித்தது. அடுத்த ஞாயிறு இவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள்.

கூடத்தில் ஒரு சாமிகூட இல்லை. எல்லாம் பழைய தமிழ்ப் பத்திரிகை அட்டைகள், கையால் வரைந்த பெண்கள். குடம் தூக்குகிறவள், கண்ணாடி பார்க்கிறவள், கிளியோடு பேசுகிறவள். எல்லாருக்கும் தங்க நிறச் சட்டம். நிவேந்திரன் அட்டையைக் கிழித்துக்கொண்டு கதைகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டானாம். தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கு அதில் என்ன நஷ்டம்.

நடுச்சுவரில் பெரிதாக ஒருத்தி, தலை நிறைய மல்லிகையோடு. அவளுக்குக் கீழே சிவப்பு பல்பு எரிந்தது.

பெண்ணின் அப்பா ராமையா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "தவறி எத்தன வருஷம் ஆச்சு தம்பி?"

"யாரு அங்கிள்?"

"ஒங்க மொத சம்சாரம்."

"இது பொங்கல் இஷ்யூலா அங்கிள். ரொம்ப ரேர்."

"ரேருக்கு எதுக்குய்யா வெளக்கு?" என்றாள் மீனம்மா.

செத்தவர்கள் படத்துக்கே சட்டம் போட்டுப் பழகிய கடைக்காரன், கைப்பழக்கத்தில் பல்பையும் மாட்டிக் கொடுத்திருக்கிறான். இவனும் அழகாக இருக்கிறதென்று சுவிட்சைத் தட்டிவிட்டான்.

திரும்பும்போது காரில் பவானேஸ்வரி சொன்னாள்: "ஆளு பரவால்ல அத்த. ஆனா அந்தப் பொம்பள முன்னால ஒக்காந்து நான் சோறு திங்க மாட்டேன். அவள எறக்கினா கட்டிக்கிறேன்."

மீனம்மா அன்றைக்கே போன் போட்டாள். "தம்பி, நடுவுல இருக்கிறத மட்டும் எறக்கிடுங்க. மத்ததுங்க இருந்துட்டுப் போகட்டும்."

"அதான் சென்டர் பீஸ் ஆன்ட்டி. எறக்கினா சுவரே மொட்டையா போயிடும்லா. வேணும்னா பல்ப ஆஃப் பண்றேன்."

"வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்தா நெறஞ்சி போகாதா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அவங்க அந்தச் சுவத்துக் கலருக்கு மேட்ச் ஆவாங்களா ஆன்ட்டி?"

மீனம்மா போனை வைத்துவிட்டாள்.

பவானேஸ்வரி தை மாதம் பெம்பானில் ஒரு லாரிக்காரரைக் கட்டிக்கொண்டாள். நிவேந்திரன் பாச்சாங்கில் அதே வீட்டில் தனியாக இருக்கிறான்.